மதிப்பெண்ணால் தன்னை அளக்கும் பிள்ளைக்கு எந்த வேதபகுதியிலிருந்து தொடங்கலாம்?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் இடையன்குடி பக்கம் வசிக்கிறோம். என் அண்ணன் மகனுக்கு வயது 19. கடந்த ஜூனில் இரண்டாம் முறையாக நீட் தேர்வில் இடம் கிடைக்காமற்போனதிலிருந்து, தான் எதற்கும் உதவாதவன் என்றே பேசுகிறான். முன்னறையில் மாட்டியிருந்த பள்ளிப் பரிசுச் சான்றிதழை அவனே கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். உறவினர் மதிப்பெண் கேட்பார்கள் என்று அசனத்திற்கும் (சபையின் பொது விருந்திற்கும்) வரவில்லை.

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். சிகிச்சை தொடர்கிறது, உறக்கமும் சாப்பாடும் தேறியிருக்கின்றன. எங்கள் சபை ஐயரும் (போதகரும்) வீட்டிற்கு வந்து பொறுமையாகப் பேசினார்.

நான் ஏசாயா 43-ஐ அவனோடு வாசித்தேன். "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்" என்ற வசனம் பாபிலோன் சிறையிருப்பில் எல்லாவற்றையும் இழந்த ஜனத்திற்குச் சொல்லப்பட்டது, அவர்கள் எதையும் சாதித்ததற்காக அல்ல என்று விளக்கியபோது, "அது இஸ்ரவேலுக்கு, எனக்கில்லை அத்தை" என்றான். எபேசியர் நிருபம் முதல் மூன்று அதிகாரங்களில் கிறிஸ்துவுக்குள் நாம் யார் என்பதைச் சொன்ன பிறகே நடக்கவேண்டிய விதத்தைப் போதிப்பதால், அதுவே ஏற்றது என்று எண்ணினேன். ஆனால் முதல் அதிகாரத்தில் வரும் 'தெரிந்துகொண்டார்' (தேர்ந்தெடுத்தார்), 'முன்குறித்தார்' (முன்னமே நியமித்தார்) என்பவை அவன் காதில் இன்னொரு தேர்வுப் பட்டியலாகவே விழுகின்றன. வசனங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கவே விரும்புகிறேன், அதற்கு அவனும் மறுக்கவில்லை.

வாலிபரோடு இப்படி வாசித்த அனுபவமுள்ளவர்களிடம் என் கேள்வி: லூக்கா 15 (காணாமற்போன குமாரன் உவமை), ரோமர் 8 (தேவனை அப்பா என்று கூப்பிடும் பிள்ளைகள்), எபேசியர் 2 (கிரியைகளினால் அல்ல, கிருபையினால் இரட்சிப்பு) ஆகியவற்றில் எதை முதலில் எடுத்தால், தேவன் தன்னையே பிள்ளையாக ஏற்றிருக்கிறார் என்பதை அவன் கேட்கக்கூடும்?