பால்கனியில் தேசியக் கொடி: எப்படிக் கட்டுவது, இரவில் இறக்கணுமா?

கேள்வி: அடுக்குமாடி வீடு. பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிடலாமா? மாலையில் கழற்றணுமா?

மாடிவீட்டான்: கழற்ற வேண்டாம். கொடி விதிகளில் வந்த 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் வீட்டில் கொடி இரவும் பகலும் பறக்கலாம். செங்குத்தாக விட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வரணும். கொடியைச் சும்மா 90 பாகை திருப்பினால் பாதி நேரம் தப்பாகத்தான் முடியும். தெருவில் இறங்கி நின்று பாருங்கள். கம்பை வெளிப்பக்கம் நீட்டிக் கட்டினால் காவி கம்பின் வெளி நுனியில்.

ஊசிநூல்: அளவு எதுவானாலும் நீள அகலம் 3:2. 900×600 மி.மீ. பால்கனிக்குப் போதும். 2021 டிசம்பரிலிருந்து பாலியெஸ்டரும் செல்லும். காற்றில் முதலில் பிரிவது கம்பத்துக்கு எதிர் ஓரம்தான். நூல் தொங்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள், கிழிந்த கொடி பறக்கக் கூடாது. கைப்பிடிக் கம்பியில் உரசாத தூரம் விடுங்கள்.

கேட்டவர்: பழசை என்ன செய்ய?

மாடிவீட்டான்: குப்பையில் போடாதீர்கள். தனியிடத்தில், முழுசாக, மரியாதையோடு எரிப்பதே விதி சொல்லும் வழி. நல்ல கொடியை எடுத்து வைக்க: காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இருபக்கமும் உள்ளே மடித்தால் சக்கரம் மேலே தெரியும்.

ஊசிநூல்: ஈரத்தோடு மடித்தால் வெள்ளைப் பட்டையில் சாயம் இறங்கும். நிழலில் உலர்த்துங்கள், தரையில் விரித்து அல்ல.