தானாகவே அணைந்து எழும் கணினி: எந்தப் பாகத்தை மாற்றுவது?

மயூர்விஹார்வாசி:
வணக்கம். நானே பாகங்களை வாங்கிப் பூட்டிய கணினி மூன்று வாரங்களாக எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அணைந்து, தானாகவே மீண்டும் எழுகிறது. இரண்டு மணி நேரம் விளையாடினாலும் அசையாமல் நிற்கும் அதே இயந்திரம், பாட்டுக் கேட்டபடி நான்கு வரி தட்டச்சு செய்யும்போது போய்விடுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவியும் பயனில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்துத் தர வேண்டியிருப்பதால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நாளையே டெல்லி நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குப் போய் வாங்கிவிடுகிறேன்.

லஜ்பத்நகர்:
எதை மாற்றுவது என்று கேட்கிறீர்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்றே சொல்லவில்லையே, நண்பரே. ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவற்றின் விவரங்களைத் தாருங்கள். அணையும்போது நீலத்திரை (விண்டோஸின் பிழைத்திரை) வருகிறதா? விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது?

நேருபிளேஸ்1998:
ரேம். வேறெதுவும் இல்லை. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டுவிட்டு, ஓவர்கிளாக் (உறுதி தந்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் செய்யும் பிள்ளைகளை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

மயூர்விஹார்வாசி:
ரைசன் 5 5600, பி550 போர்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். நீலத்திரை வருவதில்லை. கெர்னல்-பவர் 41 (முறையாக நிறுத்தாமல் அணைந்தது) என்று மட்டும் பதிவாகிறது, பக்செக் எண் 0, அதாவது பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ரேம் 8 ஜிபி வீதம் நான்கு, 3600 வேகத்தில் ஓடுகிறது. அவற்றுள் இரண்டைச் சென்ற மாதம்தான் வாங்கினேன்; அது முக்கியம் என்று தோன்றவில்லை.

நேருபிளேஸ்1998:
மூன்று வாரமாகத் தொல்லை, சென்ற மாதம் புதிய ரேம், ஆனால் அது முக்கியம் என்று தோன்றவில்லை! இந்த வரிசை ப்ராசஸருக்கு நான்கு இடங்களையும் நிரப்பினால், ஒற்றை ரேங்க் (ஒரே தொகுதிச் சில்லுகள் கொண்ட) ரேமாக இருந்தாலும் அதைத் தயாரிக்கும் ஏஎம்டி உறுதி தருவது 2933 வரைதான். 3600 ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம், உரிமை அன்று. புதிய இரண்டையும் கழற்றிவிட்டு, பழையவற்றை ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் முடியும்வரை இரவு முழுவதும் ஓட்டுங்கள்.

துவாரகா:
ரேமைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். ஜனவரியில் வீட்டுக்கு வீடு ஹீட்டரும் கீசரும் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒரு ஸ்டெபிலைசர் வைத்தால் தீர்ந்துவிடும்.

லஜ்பத்நகர்:
ஸ்டெபிலைசர் வேண்டாம். இக்கால எஸ்எம்பிஎஸ் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். ரிலே வகை ஸ்டெபிலைசரோ வோல்டேஜை மாற்றும் ஒவ்வொரு முறையும் கண நேரம் மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

துவாரகா:
அந்தக் கண நேரத்தைத் தாங்குவதற்குத்தானே எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது?

லஜ்பத்நகர்:
தாங்கும், ஆனால் முழுச்சுமையில் அது சுமார் 16 மில்லி விநாடிக்குத்தான். வீட்டு இன்வெர்ட்டர் யூபிஎஸ் நிலையில் (விரைவாக மாறும் நிலை) இல்லாமல் சாதாரண நிலையில் இருந்தால், மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். கணினி இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்பதையும் அவர் இன்னும் சொல்லவில்லை.

மயூர்விஹார்வாசி:
இல்லை. இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும்தான்.

ஆர்கேபுரம்அக்கா:
தம்பி, இரண்டு கேள்விகள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைப் புறங்கையால் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? கணினி அணைந்த நேரங்களில் உங்கள் கை எங்கே இருந்தது?

மயூர்விஹார்வாசி:
சுருசுருப்பு இருக்கிறது அக்கா, அது எல்லாக் கணினிகளிலும் உள்ளதுதானே? யோசித்துப் பார்த்தால், இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழுந்து முன்பக்கத்தில் பென் டிரைவ் செருகிய போதும், ஒரு முறை ஹெட்போன் செருகிய போதும் அணைந்தது. மற்ற நேரங்கள் நினைவில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பது பழைய இரண்டு துளை சாக்கெட் என்பதால், மூன்று முள் பிளக்கை அதில் செருக ஒரு கன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன்.

ஆர்கேபுரம்அக்கா:
அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டு துளை சாக்கெட்டில் எர்த் (நிலத்தோடு இணையும் கம்பி) இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பேஸிலிருந்து (மின்சாரம் வரும் கம்பி) ஒன்றும் நியூட்ரலிலிருந்து (திரும்பும் கம்பி) ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் கேபினட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலை எர்த் வழியாக வெளியேற்றுவதே அவற்றின் வேலை. எர்த் இல்லாதபோது கேபினட் அந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருசுருப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே பேஸ் ஒயர் ஒன்று கேபினட்டில் பட்டுவிட்டால், மின்சாரம் எர்த்துக்கு இறங்க வழியில்லாமல் உங்கள் கைக்காகக் காத்திருக்கும். அதனோடு குளிர்காலம், ஹீட்டரால் காய்ந்த அறை, கம்பளி ஸ்வெட்டர். நாற்காலியிலிருந்து எழும்போது உடம்பில் ஏறும் நிலைமின்சாரம், முன்பக்க யூஎஸ்பியைத் தொட்டவுடன் மதர்போர்டுக்குள் பாய்ந்தால் அது ரீசெட் ஆவதில் வியப்பில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகுவதால் பயன் இல்லை. எர்த்தை நியூட்ரலோடு முடிந்து தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று துளை சாக்கெட் போட்டபின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230-உம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட் மட்டுமே காட்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேருபிளேஸ்1998:
எர்த் இல்லாமல் இந்த ஊரில் எத்தனையோ கணினிகள் ஓடுகின்றன, அம்மா. அவையெல்லாம் அணையவில்லையே.

ஆர்கேபுரம்அக்கா:
3600-இல் நான்கு ரேம் போட்டு ஓடுகிற கணினிகளும் எத்தனையோ இருக்கின்றன, ஐயா. அவையும் அணையவில்லை.

லஜ்பத்நகர்:
கேபினட்டின் ரீசெட் பட்டன் ஒட்டிக்கொண்டாலும் இப்படித்தான், நீலத்திரை இல்லாமல் போகும். அதன் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மயூர்விஹார்வாசி:
அனைவருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டை மாற்றினார். சாக்கெட் பெட்டிக்குள் எர்த் ஒயர் யாரும் இணைக்காமல் சுருண்டு கிடந்ததாம். சுருசுருப்பு இப்போது இல்லை. அன்று மாலையே ரேம் வேகத்தை 2933 ஆகக் குறைத்து, ரீசெட் ஒயரையும் கழற்றிவிட்டேன். ஒன்பது நாட்களாக அணையவில்லை. மொழிபெயர்ப்பைப் புதன்கிழமை கொடுத்தேன்.

நேருபிளேஸ்1998:
மூன்றையும் ஒரே மாலையில் செய்துவிட்டீர்கள். இனி எது காரணம் என்று யாராலும் சொல்ல இயலாது. ரேமை மட்டும் மீண்டும் 3600-க்கு ஏற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். மெம்டெஸ்ட் ஓட்டினீர்களா, இல்லையா?