வாஷிங்டன்: முதலில் ஊரா, குடும்பப் பெயரா?

பெயர்ப்பித்தன்:
வாஷிங்டன் என்ற பெயருக்கு அகராதிக் குறிப்பு ஒன்று தயாராகிறது. ஒரு தளத்தில் 'துணி துவைக்கும் ஊர்' என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று இங்கிலாந்தின் தெற்கே சஸ்ஸெக்ஸில் உள்ள வாஷிங்டன் ஊரைக் காட்டுகிறது, மற்றொன்று வடக்கே டர்ஹம் பக்கத்தில் அதே பெயரில் உள்ள ஊரை. எதை எடுப்பது? அமெரிக்காவில் இந்தப் பெயருள்ளவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்கிறார்களே, எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள் வழி வந்தவர்களா?

ஊர்க்குருவி:
துவைக்கிற கதையை முதலில் அடித்துவிடுங்கள். இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் பிரித்தால் இப்படித்தான் சறுக்கும். ஊர்ப் பெயருக்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்து வடிவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டர்ஹம் பக்கத்து ஊரின் பழைய வடிவம் வெஸ்ஸிங்டன். கடைசியில் உள்ள 'டன்', பழைய ஆங்கிலத்து 'டூன்'. முதலில் வேலி அடைத்த இடம், பிறகு பண்ணை, பிறகு ஊர். ஜெர்மனில் வேலிக்கு 'சௌன்', டச்சில் தோட்டத்துக்கு 'டைன்' என்பதெல்லாம் இதன் உறவுச் சொற்கள்தான். முன்பாதியில் இருப்பது ஓர் ஆளின் பெயர், ஹ்வாஸா. நடுவே வரும் 'இங்' அந்த ஆளைச் சேர்ந்தது என்று காட்டும். ஆக, ஹ்வாஸாவின் பண்ணை.

சஸ்ஸெக்ஸ் ஊர் வேறு. 10-ஆம் நூற்றாண்டு ஆவண வடிவம் 'வெஸ்ஸிங்கடூன்'. 'இங்' அல்ல, 'இங்க' என்பதைக் கவனியுங்கள். அது பன்மை: வாஸா என்பவனைச் சேர்ந்தவர்களின் ஊர். இரண்டு ஊரும் தனித்தனியாகப் பிறந்து இன்று ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

டெர்பிஷையரில் இன்றும் வெஸ்ஸிங்டன் என்றே ஓர் ஊர் உண்டு. அதை இதில் சேர்த்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086 டூம்ஸ்டே ஏட்டில் அது 'விஸ்டானெஸ்டூன்', அதாவது விக்ஸ்டானின் ஊர். பார்வைக்கு ஒன்று, வேர் வேறு.

ஏட்டுச்சுவடி:
குடும்பப் பெயருக்கு டர்ஹம் ஊரையே எடுங்கள். காரணம் கையில் இருக்கிறது. 1183-இல் டர்ஹம் ஆயரின் நிலங்களைக் கணக்கெடுத்த போல்டன் ஏட்டில், ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம் தன் ஊரைக் கொடுத்து அதற்கு மாற்றாக இந்த ஊரைப் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. தேவாலயமும் அதன் நிலமும் மட்டும் நீங்கலாக. ஊர் மாறியதும் பெயரும் மாறியது. நம் பாடகர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வதைப் போலத்தான், அங்கே 'தெ' என்ற பிரெஞ்சுச் சொல் ஊருக்கு முன்னால் நிற்கும். பிறகு 'தெ' உதிர்ந்தது, ஊரை விட்டுப் போனவர்களிடமும் பெயர் ஒட்டிக்கொண்டது.

எழுத்து நிலைக்கவே நெடுநாள் ஆனது. 15-ஆம் நூற்றாண்டில் டர்ஹம் மடத்தின் தலைவர் ஒருவர் ஜான் வெஸ்ஸிங்டன். பழைய ஆவணங்களில் 'வாஷிங்டன்' என்று மட்டும் தேடினால் பாதி ஆட்கள் சிக்க மாட்டார்கள்.

ஒரு கிளை லங்காஷையரின் வார்ட்டனுக்குப் போனது. அங்கிருந்து வந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வணிகர் 1539-இல் நார்த்தாம்ப்டன்ஷையரின் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழியில் வந்த ஜான் 1650-களில் வர்ஜீனியாவில் குடியேறினார். ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரன்.

இணையத்தில் 'வாஷிங்டன் குடும்பச் சின்னம்' என்று விற்பதை நம்ப வேண்டாம். ஆங்கில மரபில் சின்னம் ஒரு பரம்பரைக்கு உரியது, பெயருக்கு அல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் பரம்பரையின் சின்னம் வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். 1938 முதல் அமெரிக்கத் தலைநகரின் கொடியாகப் பறப்பது அதே வடிவம்.

கரைவழி:
அமெரிக்கப் பகுதிக்கு: 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர், அவர்களில் 90 விழுக்காடு கறுப்பினத்தவர். ஆனால் 'எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள் வழி' என்று எழுதினால் தவறு. அடிமைகள் பலருக்குத் தங்களுக்குள் குடும்பப் பெயர் இருந்தும் உடைமையாளர்களின் ஏடுகள் பெரும்பாலும் அதைப் பதியவில்லை. விடுதலைக்குப் பிறகு பள்ளி, கூலிப் பதிவு எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. சிலர் பழைய உடைமையாளர் பெயரை வைத்திருந்தார்கள், பலர் தாங்களே தேர்ந்தார்கள். பள்ளியில் பெயர் கேட்டபோது, பின்னாளில் கறுப்பினக் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் சொன்ன குடும்பப் பெயர், வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர்.

அமெரிக்காவில் அது மீண்டும் ஊர்ப் பெயராகவும் ஆனது. 1791-இல் புதிய தலைநகருக்குச் சூட்டினார்கள். 1853-இல் மேற்கே புதுப் பிரதேசத்துக்கு (இன்றைய வாஷிங்டன் மாநிலம்) 'கொலம்பியா' என்று முன்மொழிந்தார்கள். தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு குழம்பும் என்று வாஷிங்டன் ஆக்கினார்கள். குழப்பம் எப்படித் தீர்ந்தது என்று இன்றைய அஞ்சல்காரரைக் கேட்டால் தெரியும்!

பெயர்ப்பித்தன்:
நன்றி. கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரை எந்தப் பிரிவில் போடுவது?

கரைவழி:
முதற்பெயர்ப் பிரிவில். அவருக்கு இட்ட பெயர் வாஷிங்டன், சுந்தர் தந்தையின் பெயர். ஸ்கோர்கார்டு பின்னால் நிற்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. தந்தைக்கு உதவிய முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் அது, நேரே ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் முதற்பெயராக்கியதற்கு 1783-இல் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் நல்ல சான்று. அவரைத் தனி வரியில் கொடுங்கள்.