காம்ப்ரமைஸ் என்றால் சமாதானம் என்று நினைத்த இரவு

இரவுப்பணி

வேலையில் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டிய கதை உங்களுக்கும் இருந்தால் இங்கே எழுதுங்கள், என்னுடையது இது. பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் டிப்ளமோ, அப்புறம் சாக் (கணினிப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மையம்) வேலை. சப்நெட் கணக்கெல்லாம் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) தாள் இல்லாமலே போடுவேன். /26 அளவுப் பகுதி என்றால் 62 ஹோஸ்ட் (இணைக்கக்கூடிய கருவிகள்), யோசிக்கவே வேண்டாம்.

சேர்ந்து மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணி. ஒரு அக்கவுண்ட் பற்றி வந்திருந்த டிக்கெட்டின் (எச்சரிக்கைப் பதிவின்) கடைசி வரி: 'அக்கவுண்ட் அப்பியர்ஸ் டு பி காம்ப்ரமைஸ்ட்.' எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை பேசித் தீர்ந்தால்தான் காம்ப்ரமைஸ் ஆகிவிட்டது என்பார்கள். ஆக, யாரோ பார்த்து முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முன்னுரிமையைக் குறைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஐந்து மணிக்கு சீனியர் அண்ணா வந்தார். அதற்குள் அந்த அக்கவுண்டிலிருந்து போலி இன்வாய்ஸ் மெயில்கள் நிறைய பேருக்குப் போயிருந்தன. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். "சமாதானம்" என்றேன். அக்கவுண்ட் வேறொருவன் கையில் சிக்கிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். அவர் திட்டவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான்கு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நெல்லைப் பெண்

எனக்கு 'ரிசால்வ்'. 'குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்' என்று வந்தது. பிரச்சினையைத் தீர்க்க முடியவில்லை என்று கம்ப்யூட்டரே கைவிரித்துவிட்டதாக நினைத்து, லேபில் முக்கால் மணி நேரம் கேபிளையே மாற்றி மாற்றிச் செருகினேன். பெயருக்கு உரிய ஐபி முகவரி கிடைக்கவில்லை, அதைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸைப் பார் என்பதுதான் அந்த வரி. பக்கத்து மேசைப் பையன் ஒரு நிமிஷத்தில் சரி செய்தான்.

பழைய கேபிள்

இரவுப்பணி தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். பழியை முழுக்க ஆங்கிலத்தின் மேல் போட முடியாது. அந்த அலர்ட்டில் லாகின் விவரம் இருந்திருக்கும். அதைப் படித்திருந்தால் அந்த ஒரு சொல் புரிய வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். நான் கான்வென்ட்டில் படித்தவன். வெப் சர்வரிடமிருந்து '401 அன்ஆதரைஸ்டு' என்று பிழை வந்ததும், அனுமதிதான் இல்லை என்று ஒரு மதியம் முழுக்க பர்மிஷன்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டோக்கன் (நான் யார் என்று காட்டும் டிஜிட்டல் சீட்டு) காலாவதி. 401 என்பது 'நீ யார் என்று நிரூபி' என்கிற ஆதென்டிகேஷன் சிக்கல். யார் என்று தெரிந்தும் உள்ளே விடாததற்கு 403. தரநிலையிலேயே பெயர் அப்படி வைத்திருக்கும்போது, தமிழ் வழி என்பதால் வந்த வினை என்று எப்படிச் சொல்வது?

நெல்லைப் பெண்

அண்ணா, உங்களுக்கு அது ஒரு மதியம். எங்களுக்கு அது இன்டர்வியூ. 'ட்ராப்'புக்கும் 'ரிஜெக்ட்'டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். ஃபயர்வால் (நெட்வொர்க்கின் வாசல் காவல்) இரண்டிலும் தடுக்கும் என்றேன். "சரி, அனுப்பியவனுக்கு என்ன தெரியும்?" என்றார் எதிரில் இருந்த அம்மா. அந்தக் கேள்வியில் வாய் அடைத்துப்போனது. ட்ராப் என்றால் வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், அனுப்பியவன் டைம்அவுட் வரை காத்துக் கிடப்பான். ரிஜெக்ட் என்றால் முடியாது என்று பதில் போகும். இரண்டையும் லேபில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பாலிடெக்னிக் வாத்தியார்

என் மாணவன் ப்ராஜெக்டில் பாஸ்வேர்டை பேஸ்64 என்கிற என்கோடிங்கில் மாற்றி வைத்து, "என்கிரிப்ட் பண்ணிட்டேன் சார்" என்றான். என்கோடிங், என்கிரிப்ஷன் இரண்டுக்கும் நான் வகுப்பில் 'குறியாக்கம்' என்றே சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது.

அதனால் இங்கே படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், அதன் ஜோடியோடு பிடியுங்கள். என்கோடிங்கை யாரும் திருப்பலாம், என்கிரிப்ஷனைத் திருப்ப சாவி வேண்டும், ஹாஷிங்கைத் திருப்பவே வழி கிடையாது. வல்னரபிலிட்டி என்பது பூட்டில் இருக்கும் ஓட்டை, த்ரெட் என்பது அதைத் தேடி வரக்கூடிய திருடன், எக்ஸ்ப்ளாய்ட் என்பது அந்த ஓட்டைக்குச் செய்த கள்ளச்சாவி, ரிஸ்க் என்பது திருடு போக எவ்வளவு வாய்ப்பு, போனால் எவ்வளவு நஷ்டம் என்கிற கணக்கு. மிட்டிகேஷன் தற்காலிகமாகப் பாதிப்பைக் குறைப்பது, ரெமடியேஷன் ஓட்டையையே அடைப்பது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்கிற ஜாவா மென்பொருளின் ஓட்டை வெளியானபோது 'எக்ஸ்ப்ளாய்ட்டட் இன் த வைல்ட்' என்று எங்கும் எழுதினார்கள். ஒரு பையன் காடு என்று மொழிபெயர்த்தான். நிஜத் தாக்குதலில் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். இந்த வரியைப் பார்த்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டும். இணையத் தரநிலைகளில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று சொல்லும், 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 ஆவணத்தையும் படியுங்கள், இரண்டு மூன்று பக்கம்தான். மஸ்ட் என்றால் கட்டாயம்; ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால், விளைவைப் புரிந்துகொண்டு விலகலாம்; மே என்றால் உங்கள் விருப்பம். நம் பாடத்தில் மூன்றையும் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம்.

வடமராட்சி

செய்முறைப் பரீட்சையில் எனக்கு 'நோ ஷட்டவுன்'. சிஸ்கோ ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் (கேபிள் இணையும் வாய்) தொடக்கத்தில் அணைந்தே கிடக்கும் என்று தெரியாது. 'அணைக்காதே' என்றுதானே இருக்கிறது, நான் எங்கே அணைத்தேன் என்று அந்தக் கட்டளையை விட்டுவிட்டேன். முன்னால் 'நோ' போட்டால் அந்தக் கட்டளையை நீக்குவது என்று பிறகுதான் ஒருவர் விளங்கப்படுத்தினார். நெட்வொர்க் பயிற்சி மென்பொருளான பாக்கெட் ட்ரேசரில், இணைப்பு இல்லை என்று காட்டும் அந்தச் சிவப்பு முக்கோணம் கடைசிவரை பச்சையாகவில்லை.

இரவுப்பணி

பழைய கேபிள் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. இரண்டு நாட்டிலிருந்து லாகின் ஆனது அலர்ட்டில் இருந்தது, பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கடைசி வரிக்கு வந்தேன். அதுவே தீர்ந்துவிட்டது என்று சொல்கிறதே, மூன்று வாரம் ஆன நான் எதற்கு இதைக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அந்த அக்கவுண்டுக்கு உரிய அக்கா போன் செய்தார். பாஸ்வேர்டு மாற்றி முடித்ததும், "தம்பி, என் மேலதான் தப்பா?" என்று கேட்டார். இல்லைக்கா என்றேன். யார் மேல் என்று அவரிடம் சொல்லவில்லை.