புதுப்பிப்பு: 26 டிகிரி வைத்தும் தாறுமாறாக ஓடிய ஏசி சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஈரோட்டில் எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசியை 26 டிகிரியில் வைத்தால், ராத்திரி அறை குளிரும் முன்பே கம்ப்ரசர் நின்றுவிடும். சாயங்காலமோ நிற்காமல் ஓடி நடுங்க வைக்கும். கேஸ் குறைவாக இருக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள், அது இல்லை.

சென்சாரைப் பாருங்கள் என்று பல்லடத்து அண்ணன் சொன்ன யோசனைதான் பலித்தது. மெயினை அணைத்து, ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், அறைச் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் கிளிப்பிலிருந்து நழுவி, அதன் முனை உள்ளே குளிரூட்டும் சுருளின் (coil) தகடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சில்லென்ற தகட்டைத் தொட்டால் அறையே குளிர்ந்ததாகத்தானே கணக்கு வரும்? சென்சாரில் கோளாறு இல்லை. எங்கள் மாடலில் அதன் மின்தடை 25 டிகிரியில் 10 கிலோ ஓம், சூடு ஏற ஏறக் குறையும். அறை 30 டிகிரியில் இருந்தபோது மீட்டர் 8 கிலோ ஓம் சொச்சம் காட்டியது. கிளிப்பில் மாட்டி, சின்னக் கேபிள் டை போட்டு இறுக்கினேன். ராத்திரித் தொல்லை தீர்ந்தது.

சாயங்காலத் தொல்லைக்குக் காரணம் யாருமே எதிர்பார்க்காதது: ரிமோட்டில் 'ஃபாலோ மீ' ஆனில் இருந்தது. அப்போது ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு, ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சார் சொல்வதைக் கேட்கும். ரிமோட் கிடப்பதோ மேற்கு ஜன்னல் திட்டில், வெயில் நேராக விழும் இடம். ராத்திரி அது டிராயருக்குள் போனதும் சிக்னல் வராது. ஏசி மறுபடி தன் சென்சாருக்கே திரும்பிவிடும். அதனால்தான் நேரத்துக்கு ஒரு குணம்.

ஃபாலோ மீயை அணைத்தேன், இப்போது இரண்டு வேளையும் 26-லேயே நிற்கிறது. கேஸ் நிரப்பக் காசு கொடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்க.