டவுன்ரெகுலேஷனுக்குத் தமிழ்ச் சொல்: ‘ஏற்பி அருகல்’ சரியாக வருமா? (செல்லில் ஹார்மோனையோ மருந்தையோ பற்றிக்கொள்ளும் புரதம் ஏற்பி, அதாவது ரிசெப்டர். அது குறைவது டவுன்ரெகுலேஷன், கூடுவது அப்ரெகுலேஷன்.)

> ‘கீழொழுங்காக்கம்’ என்றே வைத்துவிடலாமே ஐயா? அப்‌ரெகுலேஷனுக்கு ‘மேலொழுங்காக்கம்’.

வேண்டாம் அம்மா. எது கீழே போகிறது என்று மாணவருக்குப் பிடிபடாது. குறைவது ஏற்பியின் எண்ணிக்கை. சென்னை ஆய்வகங்களில் ‘ரிசெப்டர் கொறஞ்சிடுச்சு’ என்று சொல்வதுதான் சரியான பொருள். ‘ஏற்பித் தடுப்பு’ என்று எழுதுவதும் பிழை.

எடுத்துக்காட்டுக்கு, விந்தகத்திலிருந்து விந்து நாளத்திரளுக்குப் (எபிடிடிமிஸ்) போகும் நுண்குழல்களைப் பாருங்கள். வரும் நீர்மத்தில் சுமார் 90 விழுக்காட்டை இவை உறிஞ்சிவிடுகின்றன. அதற்கு ஆல்ஃபா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேண்டும். வளர்ந்த எலிக்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்னும் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் அங்கே ஆல்ஃபா ஏற்பி குறைகிறது. பீட்டா ஏற்பியும் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் குறைவதில்லை. நீர்மம் தேங்கி, குழல் விரிந்து, அழுத்தம் பின்னோக்கி ஏறி, நாளடைவில் விந்தகமே சுருங்கும். தமாக்சிஃபென் என்னும் மருந்து அப்படியில்லை. ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏற்பியை அழிக்காது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பாடமே குழம்பும்.

என் பரிந்துரை: ஏற்பி அருகல், ஏற்பி பெருகல். ‘அருகிவரும் உயிரினம்’ என்று நாளிதழிலேயே படிக்கிறோம். பெரிய வசதி வினையில் இருக்கிறது: தானாகக் குறைந்தால் அருகுதல், மருந்தோ ஹார்மோனோ குறைத்தால் அருக்குதல், பெருகுதல், பெருக்குதல் போலவே.

> ‘அருகல்’, ‘அருகில்’ ஆகிவிடாதா? ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுக்கோப்பவர் திருத்தியே விடுவார்.

நியாயமான கவலை. முதல்முறை வரும்போது ‘ஏற்பி எண்ணிக்கை அருகல்’ என்று முழுதாக எழுதுவோம், பிறகு சுருக்கலாம்.

> இன்னொன்று. எதை அளந்து ‘அருகல்’ என்கிறோம்?

இதை விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஈஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த ஆல்ஃபா ஏற்பியைச் செல் தன் புரோட்டியசோமில் (புரதம் சிதைக்கும் அமைப்பில்) சிதைக்கிறது. அப்போது எம்‌ஆர்‌என்‌ஏ (புரதத்துக்கான செய்திப்படி) குறையாமலே புரதம் குறையலாம். ஆர்‌டி‌-பிசிஆர் (செய்திப்படியை அளக்கும் முறை) மட்டும் பார்த்தவர் ‘மாற்றமில்லை’ என்பார், வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அளக்கும் முறை) பார்த்தவர் ‘குறைந்தது’ என்பார். கதிரியக்க ஈஸ்ட்ரடையாலை ஒட்டவைத்து எண்ணும் முறையில் வேறு பொறி உண்டு: திசுவில் அரோமட்டேஸ் நொதி டெஸ்டோஸ்டிரோனிலிருந்து ஆக்கிய ஈஸ்ட்ரடையால் ஏற்கெனவே ஏற்பிகளை நிரப்பியிருந்தால், எண்ணிக்கை குறைந்ததுபோலத் தெரியும். அது அருகல் ஆகாது, ‘ஏற்பி நிறைவு’. இதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

சொற்குவைக்கு (தமிழக அரசின் கலைச்சொல் தளம்) அனுப்ப எடுத்துக்காட்டு வரி: ‘ஃபுல்வெஸ்ட்ரன்ட் எலியின் நுண்குழலில் ஆல்ஃபா ஏற்பியை அருக்குகிறது (புரத அளவில்).’