யாஹூ கமெண்ட்டை வைத்து ஜப்பானை எடை போடலாமா? (அனுபவப் பகிர்வு)

கடலோடி:
2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஐந்து ஆண்டுகளில் இரு பக்கமுமாக 5 லட்சம் பேர் போய்வருவது, அதில் இந்தியாவிலிருந்து போகும் திறன்பெற்ற பணியாளர்கள் 50,000 பேர் என்று திட்டம். அந்தச் செய்தியின் கீழே ஜப்பானிய மொழியில் விழுந்த வசவுகளின் ஸ்கிரீன்ஷாட் நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. "ஜப்பான்காரனுக்கு இந்தியன் என்றாலே ஆகாது" என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. திரையில் எதிர்ப்படுவது என்ன, நேரில் எதிர்ப்படுவது என்ன, எழுதுவது யார், எழுதினால் என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "எனக்குத் தெரிந்த ஜப்பானியர் தங்கமான மனுஷர்" வகையறா வேண்டாம். அதுவும் ஓர் ஆளை வைத்து ஒரு நாட்டை அளக்கிற வேலைதான்.

ஏழாம் மாடி:
எழுதுவது யார் என்பதற்கு அங்கேயே ஆய்வுகள் உண்டு. ஜப்பானின் யாஹூ நியூஸ் செய்தித் தளத்தில் வரும் கமெண்ட்டுகளை ரிக்கியோ பல்கலைக்கழகத்தின் கிமுரா தாதாமாசா ஆராய்ந்தார். 2015-ஆம் ஆண்டின் ஒரு வாரக் கமெண்ட்டுகள் அவை. வாரத்தில் 100-க்கு மேல் எழுதியவர்கள், கமெண்ட் போடுவோரில் வெறும் 1 சதவீதம். மொத்தக் கமெண்ட்டில் அவர்கள் பங்கு சுமார் 20 சதவீதம்.

தனாகா தாத்சுவோ, யாமகுச்சி ஷினிச்சி இருவரும் 2014-இல் சுமார் 20,000 பேரிடம் கேட்டார்கள். இணையத்தில் ஒருவரைக் கூட்டமாகத் தாக்கும்போது, கடந்த ஓராண்டில் அதில் தானும் எழுதியதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 0.5 சதவீதம். வேலைவெட்டி இல்லாத பையன்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைப்போம். ஆய்வில் வந்த ஆள் வேறு மாதிரி: ஆண், பிள்ளைகள் உண்டு, வருமானமும் மற்றவர்களைவிடச் சற்று அதிகம்.

ஆனால் இந்த 0.5-ஐப் பிடித்துக்கொண்டு "ஒன்றுமே இல்லை" என்று எழுந்துவிடக் கூடாது. இணையம் பயன்படுத்துவோர் 10 கோடி என்று வைத்தால் அது 5 லட்சம் பேர். எந்தச் செய்தியின் அடிப்பகுதியையும் நிரப்ப அது போதும். எழுதாமல் லைக் மட்டும் போடுவோர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் "ஜப்பானியருக்கே முதலிடம்" என்று கேட்ட சன்செய்தோ கட்சி 14 இடம் வென்றது. அவ்வளவு ஓட்டும் கமெண்ட் பகுதியிலிருந்து வந்ததில்லை.

நெட்டிலிங்கம்:
ஸ்கிரீன்ஷாட் எப்படித் தயாராகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானில் திரட்டுத் தளங்கள் என்று ஒரு தொழிலே உண்டு. பெயர் சொல்லாமல் எழுதும் இணைய விவாதப் பலகைகளில் வந்த ஆயிரம் வரியில் மோசமான இருபதை எடுத்து, வரிசை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, சிவப்பு அடித்து, சூடான தலைப்பு வைத்து விளம்பரத்தில் காசு பார்ப்பார்கள். ஹோஷு சோக்குஹோ என்ற தளம் கொரிய வம்சாவளிப் பெண் ஒருவரை இப்படித் தாக்கி வழக்கில் மாட்டியது. "நாங்கள் எழுதவில்லை, பிறர் எழுதியதைத் தொகுத்தோம்" என்றார்கள். ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 2017-இல் அதை ஏற்கவில்லை. தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி அடுக்கியதே தனித் தவறு என்று 20 லட்சம் யென் இழப்பீடு கட்டச் சொன்னது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. அதே ஆண்டு வாசகர்கள் விளம்பரதாரர்களுக்கு எழுதியதில் விளம்பரங்களும் கழன்றன.

நம் குழுவில் சுற்றும் படமும் இதே முறையில் செய்ததுதான். 3,000 கமெண்ட்டில் ஆறு. மீதி 2,994-இல் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பனங்காடு:
அந்த ஆறும் ஜப்பானிலிருந்துதான் வந்தது என்று என்ன நிச்சயம்?

நெட்டிலிங்கம்:
யாஹூ என்றால் பெரும்பாலும் உள்நாட்டவர்தான். 2022 நவம்பரிலிருந்து கைபேசி எண் பதியாமல் அங்கே கமெண்ட் போட முடியாது. எக்ஸ் தளம் வேறு கதை. 2025 நவம்பரிலிருந்து அங்கே ஒரு கணக்கு எந்த நாட்டில் இயங்குகிறது என்று காட்டுகிறார்கள். புரொஃபைலில் "சேர்ந்த தேதி"யைத் தட்டினால் வரும். விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு) போட்டிருந்தால் தப்பாகக் காட்டலாம். பயணத்தில் இருப்பவருக்கும் மாறலாம். அதனால் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வேண்டாம்.

இதையே மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். 2023-இல் எக்ஸ் பார்வை எண்ணிக்கையை ஒட்டிப் பணம் தரத் தொடங்கியது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். "இடிபாட்டில் மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்" என்ற உண்மைப் பதிவுகளை அப்படியே நகலெடுத்து, வெளிநாட்டுக் கணக்குகள் பார்வைக்காகக் கொட்டின. அவற்றில் பாகிஸ்தான் முதலான தெற்காசிய நாடுகளின் கணக்குகளும் இருந்தன. ஜப்பானியர் இவற்றுக்கு "இம்ப்ரெஷன் ஜோம்பி" (பார்வை எண்ணிக்கைக்காக அலையும் பிணங்கள்) என்று பெயர் வைத்தார்கள். மீட்புத் தகவல் நடுவே குப்பை விழுந்த எரிச்சல் நியாயமானது. அதிலிருந்து "தெற்காசியர் எல்லாரும் மோசடிக்காரர்" என்று போனதுதான் கோளாறு. டாலருக்காக ஒருவன் ஒட்டிய நகலுக்கு 190 கோடிப் பேர் பொறுப்பாம்!

தாழம்பூ:
வதந்தி எப்படி ஊதிப் பெருக்கப்படும் என்பதற்கு 2025 ஆகஸ்டின் "ஆப்பிரிக்க ஹோம்டவுன்" விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆப்பிரிக்க நாடுகளோடு நடந்த யோகோஹாமா மாநாட்டில், ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா நான்கு ஜப்பானிய ஊர்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளோடு இணைத்தது: கிசாரசு – நைஜீரியா, நகாய் – தான்சானியா, சன்ஜோ – கானா, இமாபாரி – மொசாம்பிக். வெறும் பண்பாட்டு, பயிற்சிப் பரிமாற்றம். நைஜீரியத் தரப்பு அறிக்கையில் "சிறப்பு விசா" என்று தவறாக வந்தது. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் மறுத்தது, அறிக்கை திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் "ஊரையே ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று பரவி, நகராட்சி அலுவலகங்களில் போன் ஓயவில்லை. செப்டம்பர் 25-இல் ஜைக்கா திட்டத்தையே கைவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. தவறான வாசகம் ஓர் அரசுத் தரப்பிலிருந்தே வந்ததால் "ஆதாரம் இருக்கிறது" என்று தோன்றிவிட்டது. மறுப்பு வந்தபோது படித்தவர்கள் கொஞ்சம் பேர். விசா, குடியேற்றம் என்று எந்தச் செய்தி வந்தாலும் இரு நாட்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு பகிருங்கள்.

பனங்காடு:
அப்போ 1 சதவீதம்தானே, வதந்திதானே, கண்டுக்காம விட்டுடலாம்ங்கிறீங்களா?

ஏழாம் மாடி:
இல்லை தம்பி. 2021 ஆகஸ்ட் 30 அன்று கியோத்தோ மாகாணம் ஊஜி நகரில், கொரிய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழும் ஊத்தோரோ குடியிருப்புக்கு ஓர் இளைஞன் தீ வைத்தான். வீடுகளும் கிடங்குகளுமாக ஏழு கட்டடங்கள் சேதம். அங்கிருந்த யாரையும் அவனுக்குத் தெரியாது. அவன் தெரிந்துகொண்டதெல்லாம் இணையத்தில் படித்தது. யாஹூ கமெண்ட் பகுதியைப் பற்றிச் செய்தியாளர்களிடம் அவனே பேசினான். 2022 ஆகஸ்டில் 4 ஆண்டுச் சிறை. கூட்டம் சிறியது என்பதால் ஆபத்து சிறியது ஆகிவிடாது. ஒரு நாட்டைப் பற்றிய தீர்ப்புக்கு அது ஆதாரமாகாது என்பது மட்டும்தான் கணக்கு சொல்வது.

வழக்கறை:
சட்டப் பக்கம். பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

"இந்தியர்கள் அழுக்கு" என்று எழுதினால் வழக்குப் போட முடியாது. அவமதிப்புக்கும் அவதூறுக்கும் குறிப்பிட்ட ஆளோ, கடையோ, பள்ளியோ இலக்காக இருக்க வேண்டும். 2016 ஜூன் 3-இல் வந்த வெறுப்புப் பேச்சுச் சட்டத்தில் தண்டனையே கிடையாது. கவாசாக்கி நகர விதியில் 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. ஆனால் அது பொது இடத்தில் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு, அறிவுரையும் ஆணையும் கொடுத்த பிறகு. இணையப் பதிவுக்கு அந்த அபராதம் கிடையாது.

பெயர் சொல்லித் தாக்கினால் நிலைமை வேறு. 2022 ஜூலையிலிருந்து அவமதிப்புக்கு 1 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். அதற்கு முன்பு அபராதம் 10,000 யென்னைத் தொடாது. எழுதியவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போலீசில் புகார் தர வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சேமியுங்கள், பிறகு ரிப்போர்ட் அடியுங்கள். மாற்றிச் செய்தால் பதிவு நீங்கிவிடும், ஆதாரமும் போய்விடும். கைபேசிச் செயலியில் எடுக்கும் படத்தில் பதிவின் இணைய முகவரி (URL) வராது. கணினி பிரவுசரில் முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி பிடிஎஃப் ஆக்குங்கள். எழுதியவரின் புரொஃபைல் பக்கத்தையும் முன்பின் உரையாடலையும் சேர்த்து எடுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் யார் எப்போது இணைந்தார் என்ற குறிப்பை (லாக்) வைத்திருப்பது பெரும்பாலும் 3 முதல் 6 மாதம்தான். யோசித்து யோசித்து ஐந்தாம் மாதம் வக்கீலிடம் போனால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. எழுதியவர் யார் என்று அறிய முன்பு தளத்துக்கு ஒன்று, இணைய நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு நீதிமன்ற நடவடிக்கை. 2022 அக்டோபரிலிருந்து ஒரே நடைமுறையில் கேட்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து பெரிய தளங்கள் நீக்கக் கோரிக்கைக்கு 7 நாளில் பதில் தர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

நிஷிகசாய் பக்கம்:
எல்லாரும் திரையையே பார்க்கிறோம். நேரில் பாகுபாடு பெரும்பாலும் வசவாக வராது, குனிந்து வணக்கத்தோடு வரும். 2016-இல் நீதி அமைச்சகம் வெளிநாட்டவரிடம் எடுத்த கணக்கெடுப்பில், வீடு தேடியவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். "வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, மன்னிக்கவும்" என்று ஏஜென்ட் சொல்வார். அந்த வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு கமெண்ட்டும் எழுதியிருக்க மாட்டார். இதைக் குறிப்பாகத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் இல்லை.

வீடு பார்க்கப் போகும் முன்பே "வெளிநாட்டவருக்குத் தருவார்களா, வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம் எது" என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். நாலு வீடு ஏறி இறங்கிய பிறகு இல்லை என்பதைக் கேட்க வேண்டாம். அலைச்சல் வேண்டாம் என்றால் அரசு சார்ந்த யூஆர் குடியிருப்பு. உத்தரவாதம் தர ஆள் வேண்டாம், வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்பி வராத முன்பணக் கொடை இல்லை, கமிஷன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. குடும்பமாகக் குடியேறுபவருக்கு வாடகை 82,500 யென்னுக்குக் கீழ் என்றால் மாத வருமானம் அதைப்போல் 4 மடங்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் 2 லட்சத்துக்குள் என்றால் 3,30,000 யென். டோக்கியோவின் நிஷி-கசாயில் இந்தியர்கள் திரண்டதற்கு இந்த யூஆர் வீடுகளும் ஒரு காரணம்.

கடலோடி:
மறுப்பு, மிரட்டல் என்று வந்தால் முதலில் யாரிடம் பேசுவது? தமிழில் ஏதாவது உண்டா?

வழக்கறை:
நீதி அமைச்சகத்தின் பிறமொழி மனித உரிமை உதவி எண் 0570-090911, வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. பத்து மொழிகளில் ஆங்கிலமும் நேபாளியும் உண்டு. தமிழும் இந்தியும் இல்லை. 0570 எண்கள் மாதாந்திர இலவச அழைப்பில் சேராது, நிமிடக் கணக்கில் காசு போகும். அதனால் தேதி, பெயர், நடந்தது மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.